மில் சத்தத்தில் சட்டம் படித்தவள்

எங்கள் மாவு மில்லில் மோட்டார் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. கோதுமையா மிளகாயா, நைஸா கொரகொரப்பா எல்லாம் கைஜாடைதான். விரல் நுனிகளைத் தேய்த்துக் காட்டினால் நைஸ். உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் குருணை மாதிரி. வாடிக்கைக்காரர்களுக்கும் அது பழகிப்போய்விட்டது. இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு பெண் தினமும் புத்தகத்தோடு படிக்க வந்தாள் என்று சொன்னால் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மாடி வீட்டின் பின்பக்கம் இருக்கிற ஒற்றை அறையும் சமையல்கட்டும்தான் அந்தப் பெண்ணின் வீடு. அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. அப்பா ஒரு கிடங்கில் வாட்ச்மேன். அண்ணன் அட்டைப்பெட்டி பேக்கிங் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். அண்ணிக்குக் கைக்குழந்தை. இவள் காலேஜில் காமர்ஸ் கடைசி வருடம்.

இவளுக்கு ஒரு பழக்கம். வாய்விட்டுச் சத்தமாகச் சொன்னால்தான் படிப்பு மண்டையில் ஏறும். கண்ணால் பார்த்துப் படித்தால் கண் ஒரு பக்கம் ஓடும், மனசு ஒரு பக்கம் ஓடும். பள்ளிக்கூட நாளிலெல்லாம் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. சாயங்காலமானால் இவள் குரல் தெருவரைக்கும் கேட்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இவள் சொல்வதைக் கேட்டே பாதிப் பாடம் படித்தார்கள் என்பார்கள்.

அப்பாவுக்கு நைட் டியூட்டி மாறிய வருடம்தான் சறுக்கல். அவர் விடிந்த பிறகு வந்து படுப்பார். சாயங்காலம் வரைக்கும் அந்த ஒற்றை அறை இருட்டாகவும் நிசப்தமாகவும் இருக்க வேண்டும். ஜன்னலில் போர்வை தொங்கும். குக்கரில் விசில் வரப்போகிறது என்று தெரிந்தாலே அண்ணி ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். அவர் எழுந்து டியூட்டிக்குப் போனதும் அண்ணன் வந்துவிடுவான். குழந்தையும் அப்போதுதான் கண் அசரும். இவள் எப்போது வாயைத் திறப்பது?

கணக்குப் பாடங்களெல்லாம் கையால் போட்டுப் பார்த்துத் தேறிவிட்டாள். வணிகச் சட்டம் என்று ஒரு பாடம், அது மட்டும் அரியராக நின்றுவிட்டது. அதில் போட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை, எல்லாம் வார்த்தை. மறுபடி எழுதினாள், மறுபடியும் போயிற்று. இதற்கு நடுவே காலேஜுக்கே வந்து ஆள் எடுத்த ஒரு ஆபீஸ் இவளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. ஒரு அரியர்கூட இல்லாமல் முடித்துவிட்டு வந்தால் வேலை, இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அண்ணன் வேறு, பேக்கிங் கம்பெனியில் தங்கச்சிக்கு ஒரு இடம் சொல்லி வைத்திருந்தான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஒரு சம்பளம் இல்லாமல் அந்த வீடு ஓடாது. ஆனால் அந்தப் பேக்கிங் வேலை இவளுக்குப் பிடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று டேப் ஒட்டிக்கொண்டிருக்கவா மூன்று வருடம் பஸ்ஸில் தொங்கிப் போனேன் என்று கேட்பாள். கேட்பது தன்னிடமேதான்.

மில்லுக்கு வருவதற்கு முன் எங்கெல்லாமோ போய்ப் பார்த்தாளாம். மாடிக்குப் போனால் துணி காயப்போட வந்த வீட்டுக்காரம்மா, "ஏம்மா, எங்க வீட்டு டி.வி.யவிட உன் சத்தம் ஜாஸ்தியா இருக்கே" என்றாள். பூங்காவுக்குப் போனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்கள், "ஓட்டு கேக்க வந்திருக்காங்கடா" என்று கைதட்டினார்கள். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் இவள் தனக்குத்தானே பேசுவதைப் பார்த்துவிட்டு, "வீட்ல யாராவது இருக்காங்களாம்மா? கூப்பிடட்டுமா?" என்று ரொம்பப் பரிவாகக் கேட்டாராம். அதுதான் எல்லாவற்றையும்விட இவளுக்கு அவமானமாகப் போயிற்று. நூலகத்துக்கும் போனாள். உதட்டை அசைத்த உடனே அங்கே இருந்தவர் 'சத்தம் போடாதீர்' பலகையைக் காட்டினார்.

"படிக்கிறதுக்குன்னே கட்டி வெச்ச இடம் அத்தை. அங்க படிச்சா மொறைக்கிறாங்க" என்று பிற்பாடு என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

எனக்கும் அவளுக்கும் உறவு ஒன்றும் கிடையாது. தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் அத்தை, என் வீட்டுக்காரர் மாமா.

ஒருநாள் அண்ணி கோதுமை கொடுத்து அனுப்பினாள். கூட்டமாக இருந்தது. இவள் டின்னை வரிசையில் வைத்துவிட்டு, மூட்டைகள் அடுக்கியிருக்கிற மூலையில் போய் நின்று பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். நான் தராசுப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவள் வாய் அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, ஒரு கை காற்றில் அடிக்கிறது. சத்தம் மட்டும் மில்லுக்குள்ளேயே கரைந்துபோகிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு முதலில் ஏதோ வலிப்பு வருகிறதோ என்று பயம். பக்கத்தில் போய் நின்றேன். கண்ணெல்லாம் ஒரே சந்தோஷமாக என்னைப் பார்த்தாள். மாவை வாங்கிக்கொண்டு போன பிறகும் அரை மனசாக வாசலில் நின்றுவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் வெறும் கையோடு வந்தாள்.

என் வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு, "என்னம்மா, அரைக்க ஒண்ணும் கொண்டு வரலையா?" என்றார்.

"இல்ல மாமா. சும்மா அந்த மூலையில நின்னுக்கறேன்."

"சும்மா நிக்கறதுக்கு இது என்ன பஸ் ஸ்டாப்பா?"

"படிக்கணும் மாமா."

"இங்கியா?" அவர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, இந்தப் பொண்ணு நல்லாத்தானே இருக்கு?"

நான்தான், "நிக்கட்டும் விடுங்க. யாருக்கு என்ன இடைஞ்சல்?" என்றேன்.

"எனக்கென்ன வந்துது. மூஞ்சியில மாவு படிஞ்சா பவுடர் செலவு மிச்சம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மோட்டாரைப் போட்டார்.

அதிலிருந்து பரீட்சை லீவு முழுக்க எங்கள் மில்தான் அவளுக்குப் படிப்பறை. காலையில் அப்பா வந்து படுத்ததும் இவள் கிளம்பி வந்துவிடுவாள். நாங்கள் ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டிருந்தோம். உட்காரவே மாட்டாள், நின்றபடிதான் படிப்பாள். மிளகாய் அரைக்கிற அன்றைக்கு மட்டும் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, ஒரு வரி, ஒரு தும்மல், ஒரு வரி, ஒரு தும்மல் என்று போகும். "இன்னைக்கு மட்டும் லீவு விடேன்" என்றால், "இன்னைக்குப் படிச்சது மறக்கவே மறக்காது அத்தை, கண்ணு எரியறப்பல்லாம் ஞாபகம் வரும்" என்பாள்.

கரண்ட் போன கதையைச் சொல்லத்தான் வேண்டும். மில் நிறையக் கூட்டம். மோட்டார் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. இவள் மூலையில் நின்று முழங்குகிறாள். திடீரென்று கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றது இவளுக்குத் தெரிவதற்குள்ளே, "மைனரோடு போட்ட ஒப்பந்தம் செல்லாது! செல்லவே செல்லாது!" என்று ஒரு கத்தல். கையையும் ஓங்கியிருந்தாள். வரிசையில் முன்னால் நின்ற அம்மாள் பயந்துபோய் டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"எது செல்லாது? என் கோதுமையா?"

மில்லே சிரித்தது. இவளுக்கு முகம் சிவந்து, மாவுக்கு மேலேயும் அந்தச் சிவப்பு தெரிந்தது. என் வீட்டுக்காரர் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டே, "எல்லா ரேடியோவும் கரண்ட் போனா நின்னுடும். நம்ம ரேடியோ கரண்ட் போனாத்தான் பாடுது" என்றார். அன்றையிலிருந்து அவள் பெயர் ரேடியோ. வாடிக்கைக்காரர்கள்கூட வந்தவுடன், "ரேடியோ வந்தாச்சா?" என்று கேட்பார்கள்.

விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தாலும் அவள் கவலை எனக்குத் தெரியும். மோட்டார் ஓயும் நேரத்தில் ஏதாவது சொல்வாள். தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. கூடப் படித்தவர்கள் எல்லாம் சேரப்போகிற ஆபீஸைப் பற்றியே பேசுகிறார்கள், இவள் வாயைத் திறப்பதில்லை. சொந்தக்காரர்கள் போன் பண்ணினால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் பாஸாகிவிட்டாயா என்று கேட்கிறார்கள். அண்ணன் நேராக ஒன்றும் கேட்பதில்லை. "பேக்கிங்ல அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு" என்று அண்ணியிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போவானாம். எனக்குப் படிப்பு விஷயம் ஒன்றும் தெரியாது. கேட்டுக்கொள்வேன். விளக்கேற்றும்போது இவளுக்காகவும் ஒரு வார்த்தை சாமியிடம் சொல்லுவேன், அவ்வளவுதான்.

வணிகச் சட்டப் பரீட்சை அன்று காலையில் மில் வாசலில் நின்று கையாட்டிவிட்டுப் போனாள். வேறு ஒரு காலேஜில் ஹால். நல்லபடியாக எழுதிவிட்டு மத்தியானம் வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் வந்தவள் கவிழ்த்துப் போட்ட அந்த டின்னின் மேல் உட்கார்ந்தாள். அவள் அதில் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

கேள்வித்தாளை வாங்கிப் பார்த்திருக்கிறாள். எல்லாம் தெரிந்த கேள்வி. மனசுக்குள் குதித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். ஆனால் மில்லில் இத்தனை நாள் கத்திக் கத்திப் படித்ததில், கை எழுத வேண்டுமானால் வாய் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. அவளுக்கே தெரியாமல் வாய் திறந்துகொண்டது. அதுவும் மெதுவாக இல்லை. மோட்டாரை மீறிப் பேசிப் பழகின குரல், எது மெதுவாக எது சத்தமாக என்ற அளவே அவளுக்கு அற்றுப்போயிருந்தது.

கண்காணிப்புக்கு நின்ற சார், "யாருப்பா அது பேசுறது?" என்று இரண்டு தடவை கேட்டாராம். இவள் வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். முன் பெஞ்சில் ஒரு பையன். யாரோ எவரோ, வேறு காலேஜ். அவன் தலையைக் குனிந்துகொண்டு, இவள் சொல்லச் சொல்ல ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறான். சார் வந்து பார்த்தால் இரண்டு பேப்பரிலும் ஒரே வரி, ஒரே இடத்தில் கமா.

இரண்டு பேப்பரையும் பிடுங்கிக்கொண்டார். "வாசிச்சு வேற குடுக்குறியா? இது என்ன கதாகாலட்சேபமா?" என்றார். ஹாலே திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து இவளுக்கு வாய் வரவில்லை. இரண்டு பேரையும் மேலதிகாரி மேடத்தின் அறைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார்.

மேடம் பேப்பர்களைப் பார்த்துவிட்டு, "யார் சொல்லிக் குடுத்தது, யார் கேட்டது?" என்றார்.

அந்தப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சார் இவளிடம் குனிந்து, "பாரும்மா, அவன் கேட்டான், மிரட்டினான், அதனால சொன்னேன்னு எழுதிக் குடுத்துடு. உன்னை எழுத விட்டுடலாம். உனக்கு எதுக்கு வம்பு?" என்றாராம்.

இதைச் சொல்லும்போது அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அத்தை, எனக்கு அந்த நிமிஷம் ஆபீஸ் கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்."

"எழுதிக் குடுத்தியா?"

"எப்படி அத்தை? அவன் எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே. நான் கத்தினேன். அவன் காதை எங்க கழட்டி வெப்பான்?"

மேடத்திடமும் அதையேதான் சொன்னாளாம். இவன் யாரென்றே எனக்குத் தெரியாது, நான் எப்போதும் சத்தமாகத்தான் படிப்பேன், மாவு மில்லில் நின்று படித்தேன், அதனால் வாய் தானாக வருகிறது என்று. சார் சிரித்துவிட்டார். "காப்பியடிச்சு மாட்டினவங்க ஆயிரம் கதை சொல்லிக் கேட்டிருக்கேன் மேடம். மாவு மில்லு இதுதான் முதல் தடவை."

மேடம் சிரிக்கவில்லை. கேள்வித்தாளைக் கையில் எடுத்து, இவள் இன்னும் எழுதாத ஒரு கேள்வியைக் காட்டி, "இதுக்கு விடை சொல்லு" என்றார்.

இவள் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஆரம்பித்ததுதான் தாமதம், வராந்தா முழுக்க முழங்கிற்றாம். பக்கத்து ஹாலில் பேனாக்கள் நின்றன. எதிர் ஹாலில் ஒருத்தன் ஜன்னல் பக்கமாகவே காதைத் திருப்பிக்கொண்டான். மேடம் நாற்காலியை விட்டு எழுந்து ஓடிவந்து இவள் வாயைக் கையால் பொத்தி, "போதும்மா, போதும்! சென்டர் முழுக்க பாஸ் பண்ண வெச்சுடுவ போல!" என்றார்.

பையனுக்கு இவளைக் கேட்டு எழுதினதையெல்லாம் கோடுபோட்டு அடித்துவிட்டு மிச்சத்தை எழுத விட்டார்கள். இவளுக்கு மேடத்தின் அறையிலேயே ஒரு ஓரமாக மேஜை போட்டுக் கொடுத்தார்கள். மறுபடி வாய் திறந்துவிடக் கூடாதே என்று கைக்குட்டையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதினாள். ஆனால் போன நேரம் போனதுதான், அதைத் திருப்பித் தரவில்லை. பெரிய கேள்வி ஒன்றைத் தொடவே முடியாமல் மணி அடித்துவிட்டது. கிளம்பும்போது சார் இவள் நம்பரை ஒரு தாளில் குறித்து மேடத்திடம் நீட்டியதையும் பார்த்துவிட்டாள்.

"அது மேலிடத்துக்குப் போச்சுன்னா ரிசல்ட்டை நிறுத்தி வெச்சுடுவாங்க அத்தை. பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது. ஆபீஸ்ல என்னன்னு சொல்றது?"

தண்ணீர் கொடுத்தேன். என் வீட்டுக்காரர்தான், "அந்த வரியை எழுதிக் குடுத்திருந்தா இப்ப இதைவிட ஜாஸ்தி அழுதுட்டிருப்ப. போய் மூஞ்சி கழுவு, ரேடியோ" என்றார். கேலியைத் தவிர அவர் அவ்வளவு பேசுகிற ஆள் இல்லை.

அதன் பிறகு ரிசல்ட் வரும் வரைக்கும் சாமியிடம் நான் கேட்டது அவளுக்குப் பாஸ் போடச் சொல்லி இல்லை. அந்த மேடம் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும், அவர் மனசு நல்லபடியாக இருக்க வேண்டும், கையில் இருக்கிற தாளை அவர் கிழித்துப் போட வேண்டும் என்றுதான் கேட்டேன். கேட்கிறதைச் சரியாகக் கேட்க வேண்டும் இல்லையா.

இவள் அந்த நாட்களில் மில் பக்கம் வரவில்லை. அண்ணனோடு ஒருநாள் பேக்கிங் கம்பெனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். சாப்பாட்டு இடைவேளையில்கூட யாரும் பேசிக்கொள்வதில்லை என்று அண்ணியிடம் சொன்னாளாம்.

ரிசல்ட் வந்த அன்று வேகமாக நடந்து வந்தாள். கையில் போன். வீட்டில் டவர் கிடைக்கவில்லை, எங்கள் வாசலில்தான் நன்றாகக் கிடைக்கும் என்று வந்திருந்தாள். அரைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையை நீட்டினார். வரிசையில் நின்ற அந்தக் கோதுமை அம்மாளும் டின்னோடு வந்தாள். எல்லாத் தலையும் அந்தச் சின்னப் போனுக்கு மேல். நம்பரைப் போட்டாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நான் பின்னாலிருந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

திரை வந்தது. அவள் உதடு ஏதோ சொன்னது, மோட்டார் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. என் காதுக்குள் வாயை வைத்து, "பாஸ் அத்தை! தொங்கிக்கிட்டு பாஸ்!" என்று கத்தினாள். விளிம்பில்தான் தப்பியிருக்கிறாள். நிறுத்தி வைக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. மேடம் அந்தத் தாளை என்ன செய்தாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கோதுமை அம்மாள் இவள் கன்னத்தைக் கிள்ளினாள். என் வீட்டுக்காரர் பல் தெரியச் சிரித்துக்கொண்டே, "ஆபீஸுக்கு இப்பவே போன் போடு, வேற ஆளைப் பாத்துடப் போறாங்க" என்று கத்தினார். அவள் அங்கேயே நம்பரைத் தேட ஆரம்பித்தாள். மோட்டார் சத்தத்தில் எப்படிப் பேசுவது என்று அவளுக்கே தோன்றி, தெருவுக்கு ஓடினாள்.

அப்போதுதான் அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றிற்று. தொட்டியில் கோதுமை தீர்ந்து கல் வெறுமனே உராய்ந்துகொண்டிருந்தது. விழுந்தடித்து ஓடி மோட்டாரை அணைத்தார். மில் அடங்கியதும் தெருவிலிருந்து அவள் குரல் தெளிவாகக் கேட்டது. "ஆமா சார், எல்லாப் பேப்பரும் முடிஞ்சுது. எப்ப வரணும் சார்? திங்கக்கிழமையா? வந்துடறேன் சார்."

"மெதுவாப் பேசச் சொல்லு" என்றாள் கோதுமை அம்மாள். "ஆபீஸ்ல காது போயிடப் போகுது."